டக் நிக்கல்ஸ்: ஃபுட்டி ஸ்டாரா இருந்து கிரவுண்ட்ஸ்மேன் ஆனவரு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவுல ஒவ்வொரு வருஷமும் ஏஎஃப்எல் (அந்த நாட்டு ஃபுட்டியோட பெரிய லீக்) சீசன் நடுவுல "சர் டக் நிக்கல்ஸ் ரவுண்ட்"னு வரும், எல்லா டீமும் பூர்வகுடி ஓவியம் போட்ட ஜெர்சி போட்டுட்டு இறங்குவாங்க. அதைப் பாத்துட்டு யாருப்பா இந்த டக் நிக்கல்ஸ்னு கேக்கறவங்க நிறைய பேரு. பதில் தேடினா பாதி பேரு "கவர்னரா இருந்தவரு"ன்னு ஒரு வரியில முடிச்சிடறாங்க. கவர்னரா இருந்தது அஞ்சே மாசம், ஆனா ஒரு கிரவுண்டுல புல்லு வெட்டி ரோலர் இழுத்தது பல வருஷம். எனக்கு அந்தப் பல வருஷம்தான் முக்கியம்னு தோணுது, அதனால உக்காந்து எழுதிட்டேன்.

சுருக்கமா சொல்லுங்க, யாரு இவரு?

முழுப் பேரு டக்ளஸ் ரால்ஃப் நிக்கல்ஸ். 1906 டிசம்பர் 9-ல பொறந்தாரு, யோர்ட்டா யோர்ட்டா இனத்து பூர்வகுடி. மெல்பர்ன்ல நார்த்கோட், ஃபிட்ஸ்ராய் ரெண்டு டீமுக்கும் ஃபுட்டி ஆடினாரு, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சாரு, பாக்ஸிங் பண்ணினாரு, நார்த்கோட் கிரவுண்டைப் பராமரிச்சாரு, பாஸ்டர் ஆனாரு, பூர்வகுடி உரிமைக்காக நாடு பூரா சுத்தினாரு, 1972-ல சர் பட்டம் வாங்கினாரு, 1976-ல சவுத் ஆஸ்திரேலியாவுக்கு கவர்னர் ஆனாரு. 1988 ஜூன் 4-ல இறந்துட்டாரு.

ஃபுட்பால்னா நாம பாக்கற சாக்கரா?

இல்லைங்க. இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ், அங்க எல்லாரும் ஃபுட்டின்னுதான் சொல்வாங்க. பந்து முட்டை வடிவத்துல இருக்கும், கைல பிடிக்கலாம், ஓடலாம், காலால உதைக்கலாம், பக்கத்துல இருக்கறவனுக்கு முஷ்டியால தட்டி விடலாம். ஒரு டீமுக்கு களத்துல 18 பேரு. ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம், நடு ரெண்டு கம்பத்துக்குள்ள உதைச்சா 6 பாயிண்ட், ஓரத்துல போனா 1 பாயிண்ட். கிரவுண்டு ஓவல், ஏன்னா கிரிக்கெட் கிரவுண்டுலதான் இந்த ஆட்டமே வளந்துச்சு, வெயில் காலத்துல கிரிக்கெட், குளிர்காலத்துல ஃபுட்டி. இதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, கிரவுண்ட்ஸ்மேன் வேலையைப் பத்திப் பேசும்போது தேவைப்படும்.

அந்தக் காலத்துல ஏஎஃப்எல் இருந்துச்சா?

அந்தப் பேரு 1990-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி விஎஃப்எல், விக்டோரியா மாநிலத்து லீக், 1897-ல முதல் சீசன். அதுக்கும் பழசு விஎஃப்ஏ, அதுவும் விக்டோரியாவோடதுதான், 1877-ல ஆரம்பிச்சது. நார்த்கோட் விஎஃப்ஏ டீம், ஃபிட்ஸ்ராய் விஎஃப்எல் டீம். (ஃபிட்ஸ்ராய் 1996 சீசனோட பிரிஸ்பேன் கூட சேந்துடுச்சு, இன்னைக்கு பிரிஸ்பேன் லயன்ஸ்னு ஆடறாங்களே, அதுல பாதி இதுதான்.)

எங்க பொறந்தாரு? கம்மரகஞ்சான்னா ஊரா?

ஊருன்னும் சொல்லலாம், அரசாங்கம் பூர்வகுடி மக்களை வச்சிருந்த குடியிருப்புன்னும் சொல்லலாம். மர்ரே ஆத்துக்கு இந்தப் பக்கம் விக்டோரியா, அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், அந்தப் பக்கத்துக் கரையில இருக்கு. முதல்ல மலோகான்னு ஒரு மிஷன் இருந்துச்சு, அங்கிருந்து 1888-ல சனங்க இடம் மாறி வந்து உக்காந்த இடம். மரத்தை வெட்டி நிலத்தைத் திருத்தி கோதுமை போட்டாங்க, அவங்களே பாடுபட்டு உண்டாக்கின மண்ணு. ஆனா அதிகாரம் பூரா வெள்ளைக்கார மேனேஜர் கையில.

1915-ல நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தைத் திருத்தினாங்க, பூர்வகுடிக் குழந்தைகளை பெத்தவங்ககிட்டருந்து எடுத்துட்டுப் போக, அவங்களைக் கண்காணிச்ச அரசாங்க போர்டுக்கு இன்னும் அதிக அதிகாரம் குடுத்துட்டாங்க. டக்குக்கு எட்டு வயசு இருக்கும்போது போலீஸ் வந்து அவங்க அக்கா ஹில்டாவை, 16 வயசுப் பொண்ணு, கண்ணு முன்னாடி இழுத்துட்டுப் போனாங்க, கூட்டமுந்த்ராங்கற ஊர்ல வீட்டு வேலைக்குப் பழக்கற விடுதிக்கு. இவரு பின்னாடி வாழ்நாள் பூரா குடும்பம், பிள்ளைங்க, விடுதின்னு எதுக்கு ஓடினாருன்னு யாராவது கேட்டா நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

இவருக்கும் தமிழுக்கும் ஏதோ தொடர்பு இருக்காமே, நெசமா?

நெசம்தான், ஆனா இவரு வழியா இல்ல, இவரோட வாத்தியார் வழியா. கம்மரகஞ்சா பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவரு தாமஸ் ஷட்ரக் ஜேம்ஸ். 1859-ல மொரிஷியஸ்ல பொறந்த தமிழ் வம்சாவளிக்காரர். மெல்பர்னுக்கு வந்தவரு 1881-ல பிரைட்டன் கடற்கரையில ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போறாரு, அங்க மலோகா மிஷன்லருந்து வந்த பூர்வகுடி மக்கள் பாடறாங்க, அதைக் கேட்டுட்டு நானே வந்து உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரேன்னு கிளம்பிப் போயிட்டாரு. போனவரு திரும்பலை. நாப்பது வருஷம் அங்கேயேதான். 1885-ல அங்கேயே ஏடா கூப்பர்ங்கற யோர்ட்டா யோர்ட்டா பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. சனங்க அவரை "கிராண்ட்பா ஜேம்ஸ்"னுதான் கூப்பிட்டாங்க.

பகல்ல பிள்ளைங்க, ராத்திரியில பெரியவங்களுக்கு வகுப்பு. வெறும் எழுத்துக்கூட்டிப் படிக்கறது மட்டும் இல்ல, மனு எழுதறது எப்படி, சட்டம் பேசறவன்கிட்ட எப்படிப் பதில் பேசறதுங்கறதும் சேத்து. இருபதாம் நூற்றாண்டோட பூர்வகுடி உரிமைப் போராட்டத் தலைவர்கள்ல ஒரு பெரிய கூட்டமே இந்த ஒரு பள்ளிக்கூடத்துலருந்து வந்தவங்க: வில்லியம் கூப்பர், பில் ஓனஸ், எரிக் ஓனஸ், மார்கரெட் டக்கர், நம்ம டக் நிக்கல்ஸ். ஒரு தமிழ் வம்சாவளி வாத்தியார் ஆத்தங்கரையில உக்காந்து இப்படி ஒரு தலைமுறையையே தயார் பண்ணியிருக்காரு, நம்மள்ல எத்தனை பேருக்கு அவர் பேரு தெரியும்? தெரிஞ்சிருக்கணும்ங்க.

படிச்சு முடிச்சுட்டு என்ன பண்ணினாரு?

13, 14 வயசுல வேலைக்குப் போயாச்சு. செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிக்கற கொட்டகையில தார்ப் பையனா இருந்தாரு, அதாவது கத்திரி பட்டு ஆட்டுக்குக் காயம் ஆனா ஓடிப் போய் தார் தடவணும். அப்புறம் பாசன வாய்க்கால் வெட்டற வேலை. வாரக் கடைசியில பக்கத்துல டோங்காலா ஊரு டீமுக்கு ஃபுட்டி.

கார்ல்டன் டீம்ல ஏன் சேரலை?

1927-ல மெல்பர்ன் வந்து கார்ல்டன்ல ட்ரெயினிங் பண்ணினாரு. ஆட்டம் நல்லாதான் இருந்துச்சு, தோல் நிறம்தான் அவங்களுக்குப் பிரச்சனை. நாத்தம் அடிக்குதுன்னு சொன்னாங்க, மசாஜ் பண்றவரு இவரு உடம்பைத் தொட மாட்டேன்னுட்டாரு, கூட ஆடறவங்க ஒதுக்கினாங்க. தொட்டா தீட்டுங்கற புத்தி எந்த நாட்டுல இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்குன்னு இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவரு சண்டை போடலை, பையைத் தூக்கிட்டு நார்த்கோட்டுக்குப் போயிட்டாரு.

ஆளு ரொம்பக் குள்ளமாமே, எப்படி ஆடினாரு?

அஞ்சடி ரெண்டு அங்குலம், 157 செ.மீ. அந்த உயரத்துல விங் பக்கம் ஆடினாரு, அங்க வேகம்தான் எல்லாமே. வேகம் எவ்வளவுன்னா 1929-ல நையா, வாரக்நபீல் ரெண்டு ஊர்லயும் "கிஃப்ட்"னு சொல்ற பரிசுப் பணப் பந்தயத்துல ஜெயிச்சாரு. அதே 1929-ல நார்த்கோட் விஎஃப்ஏ சாம்பியன், டீம்ல இவரும் உண்டு. 1931-ல ஜிம்மி ஷார்மன்னு ஊரு ஊரா டென்ட் போட்டு பாக்ஸிங் நடத்தறவர் ட்ரூப்ல போய் குத்துச்சண்டையும் போட்டாரு, ஏன்னா அப்ப பொருளாதார மந்தம், காசு வேணுமே.

ஃபிட்ஸ்ராய்ல எப்படி இருந்துச்சு?

1932-ல போனாரு, 1937 வரைக்கும் 54 மேட்ச். முதல் நாள் டிரெஸ்ஸிங் ரூம்ல, கார்ல்டன்ல பட்டது மனசுல இருக்கே, ஒரு மூலையில தனியா உக்காந்து துணி மாத்திட்டிருந்தாரு. அப்ப ஹேடன் பண்டன், லீக்லயே பெரிய ஸ்டார், 1931, 1932, 1935 மூணு வருஷம் பிரவுன்லோ மெடல் (லீக்லயே சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கறது) வாங்கினவரு, தன்னோட பையைத் தூக்கிட்டு வந்து இவர் பக்கத்துல உக்காந்துட்டாரு. அவ்வளவுதான், பெரிய பேச்சு ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் அந்த ரூம்ல யாரும் வாய் திறக்கலை. 1935-ல விக்டோரியா மாநில டீமுக்கே தேர்வானாரு, ஒரு பூர்வகுடி ஆட்டக்காரர் அந்த டீமுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

விஎஃப்எல்ல ஆடின முதல் பூர்வகுடி இவருதானா?

இல்ல. நிறைய இடத்துல தப்பா எழுதறாங்க. அதே ஃபிட்ஸ்ராய்க்கு 1904-லயே ஜோ ஜான்சன்னு ஒருத்தர் ஆடியிருக்காரு, 1904, 1905 ரெண்டு சாம்பியன் டீம்லயும் இருந்தவரு.

மாநில டீமுக்கு ஆடினவரு ஏங்க புல்லு வெட்டணும்?

இன்னைக்குக் கணக்குல பாத்தா புரியாது. 1930-ல விஎஃப்எல் கூல்டர் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு, ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு மேட்ச்சுக்கு 3 பவுண்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு. சீசனும் குளிர்காலத்து அஞ்சாறு மாசம்தான். அதனால எல்லா ஆட்டக்காரரும் வாரம் பூரா ஏதாவது வேலை பாத்துட்டு சனிக்கிழமை ஆடுவாங்க, கிளப்புங்களும் நல்ல ஆளை இழுக்கணும்னா "வேலை வாங்கித் தரோம் வா"ன்னுதான் கூப்பிடுவாங்க. மந்த காலத்துல அது காசை விடப் பெரிசு. நார்த்கோட் பக்கம் இவருக்குக் கிடைச்சது கவுன்சில்ல கிரவுண்டு வேலை. முட்டி அடிபட்டு, கடைசியா நார்த்கோட்டுக்கே திரும்பி வந்து ஆடி, 1939-ல ஆட்டத்தை நிறுத்தினாரு. 1947-ல அதே டீமுக்கு கோச்சாவும் இருந்தாரு. ஆட்டம் நின்னாலும் கிரவுண்டு விடலை, அம்பதுகள் வரைக்கும் அந்த கிரவுண்டோட க்யூரேட்டர் இவருதான்.

க்யூரேட்டர்னா என்ன பண்ணணும்? சும்மா புல்லு வெட்டறதுதானே?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா யாரும் இதைச் சொல்றதில்ல.

ஒரு ஃபுட்டி ஓவல் நம்ம சாக்கர் கிரவுண்டு மாதிரி ரெண்டு பங்கு பெருசு, நீளமே 135-லருந்து 185 மீட்டர் வரைக்கும் இருக்கும். ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரைக்கும் ஃபுட்டி, அது மெல்பர்னோட மழையும் குளிரும். ஈர மண்ணுல ஒரு பக்கம் 18 பேரு, மறு பக்கம் 18 பேரு, ஆணி வச்ச பூட்ஸோட சாயந்திரம் வரைக்கும் உழுதுட்டுப் போவாங்க, சனிக்கிழமை ராத்திரி கிரவுண்டைப் பாத்தா நடவுக்குத் தொளி அடிச்ச வயல் மாதிரி கிடக்கும். மறுநாள்லருந்து பள்ளத்தை நிரப்பி, பெயர்ந்த புல்லை மிதிச்சு உக்கார வச்சு, தண்ணி தேங்கற இடத்தை வடிய விட்டு, கோடு போட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு ரெடி பண்ணணும். இப்படி சீசன் பூரா.

செப்டம்பர் முடிஞ்சா ஓய்வுன்னு நெனச்சுடாதீங்க. அதே இடத்துல நடுவுல கிரிக்கெட் பிட்ச் வேணும், அதுவும் அக்டோபர்ல. குளிர்காலம் பூரா மிதிபட்ட சேறை எடுத்து சமன் பண்ணி, மேல மண்ணு போட்டு, தண்ணி விட்டு, காய விட்டு, ரோலர் போட்டு, மறுபடி தண்ணி, மறுபடி ரோலர். மெல்பர்ன் பிட்ச்களுக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே மெர்ரி க்ரீக் ஓடைக்கரையோட கருப்பு மண்ணு, நம்ம கரிசல் மாதிரி, ஈரத்துல ஒட்டும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், சரியான பதத்துல உருட்டினா சிமென்ட் மாதிரி இறுகும். அந்த மெர்ரி க்ரீக் நார்த்கோட் ஓரமாதான் ஓடுது. பதம் ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆனாலும் பிட்ச் கெட்டுடும், அது கைப்பழக்கத்துலதான் வரும்.

இன்னைக்கு அந்த வெஸ்ட்கார்த் ஸ்ட்ரீட் ஓவலுக்கு பில் லாரி பேரு வச்சிருக்காங்க. டிவி கமெண்டரியில கத்துவாரே, அந்த ஆஸ்திரேலிய கேப்டன்தான், அவரு நார்த்கோட் கிரிக்கெட் கிளப்ல வளந்தவரு.

இந்த வேலைக்கு நடுவுல போராட்டம் எல்லாம் எப்படி?

அதுதான் எனக்கும் ஆச்சரியம். அவருக்கு வழிகாட்டி வில்லியம் கூப்பர், உறவு முறையில தாத்தா ஆகணும், ஜேம்ஸ் வாத்தியார்கிட்ட ராத்திரி வகுப்புல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவரு. கூப்பர் பூர்வகுடி மக்களுக்கு பார்லிமென்ட்ல ஒரு இடம் வேணும்னு ராஜாவுக்கு மனு எழுதி 1,814 கையெழுத்து வாங்கினாரு, ஆஸ்திரேலிய அரசாங்கம் அதை ராஜாவுக்கு அனுப்பவே இல்ல. 1938 ஜனவரி 26, வெள்ளைக்காரங்க வந்து 150 வருஷம்னு நாடே கொண்டாடினப்ப, சிட்னியில இவங்க துக்க நாள் அனுசரிச்சாங்க, டக் அதுல இருந்தாரு. அடுத்த வருஷம் பிப்ரவரியில கம்மரகஞ்சாவுல நிலைமை தாங்க முடியாம ஏறத்தாழ 200 பேரு ஆத்தைத் தாண்டி விக்டோரியா பக்கம் வெளிநடப்பு பண்ணிட்டாங்க. அதுல பல குடும்பம் வேலை தேடி மெல்பர்ன்ல ஃபிட்ஸ்ராய்க்கு வந்து சேந்துச்சு.

1941-ல பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க, போனாரு. ஆனா 1942-ல ஃபிட்ஸ்ராய் போலீஸே கேட்டுக்கிட்டு அவரை விடுவிச்சு வாங்கிட்டாங்க, அந்தச் சனங்க மத்தியில வேலை செய்ய இவரு வேணும்னு. 1935-லயே ஞானஸ்நானம் வாங்கினவரு, அம்மா இறந்தப்புறம் பக்தி பக்கம் திரும்பியிருந்தாரு. கோர் ஸ்ட்ரீட்ல ஒரு சின்ன சர்ச், அதுக்கு இவரு பாஸ்டர். பகல்ல கிரவுண்டு, சாயந்திரம் வீடு வீடா போய் யாரு பசியில இருக்கா, யாரு கோர்ட்டுக்குப் போகணும்னு பாக்கறது, ஞாயித்துக்கிழமை பிரசங்கம். பியானோவுல கருப்புக் கட்டையில மட்டும் ஒரு பாட்டு வாசிக்கலாம், வெள்ளைக் கட்டையில மட்டும் வாசிக்கலாம், ஆனா இசை சேரணும்னா ரெண்டும் வேணும்னு அடிக்கடி சொல்வாராம்.

குடும்பம்?

1942 டிசம்பர்ல கிளாடிஸைக் கல்யாணம் பண்ணினாரு. அவங்க இவரோட அண்ணன் மனைவி, அண்ணன் இறந்துட்டாரு, மூணு பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்களையும் தன் பிள்ளைங்களா வளத்தாரு. கிளாடிஸைப் பத்தித் தனியாவே எழுதணும்: கிராமத்துலருந்து வேலைக்கு வர்ற பூர்வகுடிப் பொண்ணுங்களுக்கு நார்த்கோட்ல விடுதி நடத்தினாங்க, பழைய துணிக்கடை வச்சு அதுக்குக் காசு சேத்தாங்க. ஹில்டா அக்காவைக் கொண்டு போன அந்த விடுதியும் விடுதிதான், கிளாடிஸ் நடத்தினதும் விடுதிதான். ஒண்ணுல பொண்ணை வீட்டுலருந்து பிடுங்கிட்டுப் போய் அடைச்சாங்க, இன்னொண்ணுல வந்த பொண்ணுக்கு ஒரு வீடே கிடைச்சுது.

கிரவுண்டு வேலையை எப்ப விட்டாரு?

1957 சமயத்துல நிலைமை மாறுது. அந்த வருஷம் மேற்கு ஆஸ்திரேலியாவுல வார்பர்ட்டன் மலைப் பக்கம் பில் கிரேடன்ங்கற எம்எல்ஏ கூட போனாரு, அங்க சனங்க பட்டினியும் நோயுமா கிடக்கறதைப் படம் பிடிச்சுக் கொண்டு வந்து மெல்பர்ன்ல போட்டுக் காட்டினாங்க, பாத்தவங்க அதிர்ந்து போயிட்டாங்க. அதோட சூட்டுல அபாரிஜின்ஸ் அட்வான்ஸ்மென்ட் லீக் ஆரம்பிச்சாங்க, இவரு அதோட முழுநேர கள அலுவலர். அதுக்கப்புறம் ரோலருக்கு நேரம் ஏது? பத்து வருஷம் ஊரு ஊரா பேசினதுல 1967 மே 27 பொது வாக்கெடுப்புல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல "ஆமா"ன்னு போட்டாங்க, பூர்வகுடி மக்களை மக்கள்தொகைக் கணக்குல சேக்கவும் அவங்களுக்காக மத்திய அரசு சட்டம் போடவும் வழி பிறந்துச்சு. இவரு ஒருத்தரால வந்ததுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இவரு இல்லாம அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

சர் பட்டம், கவர்னர் பதவி எல்லாம்?

1957-ல எம்பிஇ, 1968-ல ஓபிஇ (ரெண்டும் பிரிட்டிஷ் அரச விருதுங்க), 1972-ல சர். சர் பட்டம் வாங்கின முதல் பூர்வகுடி இவருதான். சவுத் ஆஸ்திரேலிய முதல்வர் டான் டன்ஸ்டன் சிபாரிசுல 1976 டிசம்பர் 1-ல கவர்னர். சீக்கிரமே உடம்புக்கு முடியாம போச்சு, 1977 ஏப்ரல் 30-ல விலகிட்டாரு, ஆனா அதுக்குள்ள மார்ச்சுல ராணி வந்தப்ப கவர்னரா நின்னு வரவேத்துட்டாரு. அந்த ராணியோட தாத்தாவுக்கு எழுதின மனுதான் கூப்பர் தாத்தாவோடது, போய்ச் சேராதது.

இப்ப போனா எதைப் பாக்கலாம்?

மெல்பர்ன்ல பார்லிமென்ட் கார்டன்ஸ்ல டக், கிளாடிஸ் ரெண்டு பேருக்கும் சேத்து சிலை இருக்கு. தார்ன்பரியில அவர் பேருல ஓவல் இருக்கு. கான்பெராவுல நிக்கல்ஸ்னு ஒரு பகுதியே உண்டு. 2016-லருந்து ஏஎஃப்எல் ரவுண்டுக்கு அவர் பேரு. என்னைக் கேட்டா வெஸ்ட்கார்த் ஸ்ட்ரீட் ஓவலுக்குப் போங்க, வேலிக்கிட்ட நின்னு நடுவுல இருக்கற அந்த பிட்ச்சைப் பாருங்க.

எங்க அடக்கம் பண்ணினாங்க?

அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்துச்சு. கிளாடிஸ் 1981-லயே போயிட்டாங்க. இவரை மர்ரே ஆத்தைத் தாண்டி கம்மரகஞ்சாவுக்கே கொண்டு போய், அவங்க சனங்க திருத்தின அந்த மண்ணுலயே வச்சாங்க.